பாரம் பிடிக்க ஒரு ஆள்

ஸ்கேலின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்து மெதுவாக ஓர் இழுப்பு. திருப்பிப் பிடித்து மறு ஓரத்துக்கும் ஓர் இழுப்பு. எங்காவது பிசிறு தட்டினால் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மறுபடி கன்னத்துக்குக் கொண்டுபோவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ முகச்சவரம் நடக்கிறது என்றுதான் தோன்றும். "முப்பது வருஷமா துணியைப் பிடிச்சுப் பிடிச்சு விரலெல்லாம் மரத்துப் போச்சு. இந்தக் கன்னத்துக்குத்தான் இன்னும் கொஞ்சம் சொரணை மிச்சமிருக்கு" என்பார். பிறகுதான் மிஷின் முன்னால் உட்காருவார்.

பள்ளிக்கூடத்து ஸ்கேல் இல்லை அது. கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதெல்லாம் தெரியும். பென்சில் கனத்துக்குத் தடித்த பிளாஸ்டிக். நேராக ஒன்று, வில்லாக ஒன்று, அலை, அரைவட்டம், முட்டை என்று பதினோரு ஸ்கேல்கள் வைத்திருக்கிறார். சமையலறையில் தட்டு அடுக்கும் கம்பித் தாங்கியில் அவை வரிசையாக நிற்கும். தட்டுகள் பாவம், இடமில்லாமல் அடுப்பு மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்த அடுக்குமாடியில் அவருக்கு ஸ்கேல்காரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாகக் குடிவரும் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு டீச்சர் என்று நினைத்துக்கொண்டு அவரைக் கண்டால் மாடிப்படியில் சுவரோரமாக ஒதுங்கிப் போவதுண்டு.

வயது அறுபத்திரண்டு. வாரத்தில் நான்கு நாள் காலையில் ஒரு திரைச்சீலைக் கடையில் கரை மடித்துத் தைக்கிறார். மடிப்பு நூல் பிடித்தாற்போல இருக்கும். மத்தியானம் கடைத் துண்டுத் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வந்த பிறகு தைப்பதுதான் அவருடைய சொந்தத் தையல். துண்டுகளை ஒட்டி ஒரு மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடு, கீழே இன்னொரு துணி. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே கோலமாகத் தையல் ஓட்டினால் போர்வை. மற்றவர்கள் குவில்ட் என்கிறார்கள். அவர், "என்ன பேரு வச்சா என்ன, போர்த்திக்கிறதுதானே" என்பார்.

மிஷின் சாதாரண வீட்டு மிஷின்தான். துணியை இழுக்கும் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, ஊசியைச் சுற்றி மோதிரம் போல நிற்கும் ஒரு தடித்த பாதத்தை மாட்டுவார். ஸ்கேலை அந்தப் பாதத்தோடு ஒட்டி அணைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணியையும் ஸ்கேலையும் சேர்த்து நகர்த்துவார். ஊசி நின்ற இடத்திலேயே நின்று குத்திக்கொண்டிருக்கும். அதற்கடியில் துணி ஊர்ந்து போகும். நேர்க்கோடு, வளைவு, அலை எல்லாம் அப்படித்தான் விழுகின்றன. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். கோட்டின்மேலேயே ஸ்கேலை வைப்பார்கள். "ஸ்கேல் வச்ச எடத்துல தையல் விழாது கண்ணு. கால் இஞ்சு தள்ளித்தான் விழும். அந்தக் கால் இஞ்சை மனசுல கழிச்சுட்டு வைக்கணும்." ஸ்கேல் வழுக்கிப் பாதத்துக்கு அடியில் போய்விட்டால் ஊசி படார் என்று முறியும். ஒருமுறை முறிந்த துண்டு பறந்து வந்து நெற்றியில் கீறிவிட்டது. அன்றிலிருந்து வெல்டிங் பட்டறையில் போடுகிற பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் தைக்கிறார்.

இவை எல்லாவற்றையும் தனி ஆளாகச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது போர்வையின் கனம். வீட்டு மிஷினில் ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. இருவர் படுக்கிற போர்வையைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்தால், மீதி மேசைக்கு அந்தப் பக்கம் மூட்டையாகத் தொங்கும். தொங்குவது ஒரு நூலளவு இழுத்தால் போதும், கோடு கோணலாகிவிடும். அதனால் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து அந்தக் கனத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தையல் போகிற போக்குக்குத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். தளர்த்தவும் தெரிய வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும். ஸ்கேல்காரம்மா இதற்குப் "பாரம் பிடிக்கிறது" என்று பெயர் வைத்திருந்தார். ஆறு வருஷம் அவருக்குப் பாரம் பிடித்தவள் அவருடைய மருமகள்.

மருமகள் என்று சொல்வதா கூடாதா என்பதே ஒரு கேள்விதான். ஒரே மகன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் வேலை மாற்றலில் வேறொரு நகரத்துக்குப் போனான். வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். இரண்டு மாதம் தினமும் பேசினான். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு ஒரு கடிதம் வந்தது. அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டதாகவும், தன்னை மன்னிக்க வேண்டாம், மறந்துவிட்டால் போதும் என்றும் எழுதியிருந்தான். கடிதம் மனைவி பெயருக்குத்தான் வந்தது. அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. என்ன பேசுவது? ஒருத்திக்குப் பிள்ளையைப் பெற்ற குற்றம். இன்னொருத்திக்கு அந்தப் பிள்ளையைக் கட்டி நிறுத்தத் தெரியாத குற்றம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் சமையலறைக்குப் போய்வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். அப்போது மாமியார் ஒரு பெரிய போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கனம் இழுக்க இழுக்க, இந்தப் பக்கம் ஸ்கேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, "போறதுக்கு முன்னாடி இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுட்டுப் போம்மா" என்றார்.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள். ஒரு வரிசை முடிந்தது. இன்னொரு வரிசை. பொழுது சாய்ந்து எழுத்துத் தெரியாத வெளிச்சம் ஆனபோது, "விளக்கைப் போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. பெட்டி நான்கு நாள் கதவோரமாகவே நின்றது. ஐந்தாம் நாள் வீடு பெருக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அவளே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

விவாகரத்து ஆனபோது வக்கீல் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார், இனிமேல் இந்த வீட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சட்டப்படி ஒன்றுமில்லை என்று. ஸ்கேல்காரம்மா காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அவன் கையெழுத்து இருக்கு, அவ கையெழுத்து இருக்கு. நானும் அவளும் பிரியறோம்னு எங்கயும் போட்டிருக்கா?" வக்கீல் சிரித்தார். "அப்ப சரி. எங்க ரெண்டு பேரை யாரும் ஒன்னும் கேக்கலை" என்று எழுந்து வந்துவிட்டார்.

மருமகளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாலையில் வந்து கைகால் கழுவிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பாரம் பிடிப்பாள். நாய்க்கு வாங்கிய மருந்தைத் தானே சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, இன்னொரு பாட்டில் கொடுங்கள் என்று வந்து நின்ற மனிதரின் கதையைக் கேட்டு ஸ்கேல்காரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு ஊசி முறிந்தது. "இனிமே வளைவு ஓட்டறப்ப சிரிப்புக் கதை சொல்லாத. நேர்க்கோட்டுக்கு எடுத்து வை" என்று சட்டம் போட்டார்.

அந்த முறிந்த ஊசியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஊசி ஸ்கேலில் மோதிய வேகத்தில் கீழே சுற்றி நூலைப் பிடிக்கும் கொக்கி ஊசியோடு சேராமல் பிசகிவிட்டது. மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். பேசுவதைவிட மிஷினைக் காது கொடுத்துக் கேட்பது அதிகம். ஒரு மணி நேரம் பிரித்துப் பூட்டினார். போகும்போது, "பெரிய போர்வை தைக்கறப்ப அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தா ஊசி இப்படி முறியாதும்மா" என்றார். "ஆள் இருந்துதான் முறிஞ்சுது தம்பி" என்று மருமகளைக் காட்டினார் ஸ்கேல்காரம்மா. மெக்கானிக் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்தவர் திருப்புளியை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

திருப்புளியை எடுக்க வந்தார். எண்ணெய் போடச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை. மனிதர் அவ்வளவு கூச்சம். ஒரு மாதம் ஆளைக் காணோம். மருமகள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வதை ஸ்கேல்காரம்மா நான்கு தடவை கவனித்தார். மறுநாள் காலையில் மருமகள் வேலைக்குப் போனதும் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, நூலை இறுக்கும் குமிழைத் திருகித் தளர்த்திவிட்டு, மெக்கானிக்குக்கு போன் போட்டார். "தையல் சரியா விழலை தம்பி. சாயங்காலமா வந்தீங்கன்னா நல்லது."

இப்படி நான்கைந்து மாதத்தில் ஆறு தடவை அந்த மிஷினுக்கு வியாதி வந்தது. ஆறாவது தடவை அவசரத்தில் அடித்தட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு திருகைத் தளர்த்திவிட்டார். மெக்கானிக் விளக்கை வைத்து அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இந்த ஸ்க்ரூ தானா லூஸ் ஆகாதும்மா."

"ஆகாதா?"

"ஆகவே ஆகாது."

"அப்ப எதாவது பேய் பிசாசு பண்ணியிருக்கும். டீ ஆறுது, குடிங்க."

அவர் திருகை இறுக்கிவிட்டு டீயைக் குடித்தார். மருமகள் அன்றைக்கு அவரை மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஸ்கேல்காரம்மாவுக்கு அந்த இருபது நிமிஷம் நிறைவாக இருந்தது. தன் கையாலேயே தன் வீட்டைப் பிரிக்கிறோம் என்று தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து முடியப் போகிறது.

மெக்கானிக்குக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த ஊரில் நிரந்தர வேலை கிடைத்தது. பட்டறைக்குப் பின்னால் ஒன்றரை அறை வீடும் கொடுத்தார்கள். அதைச் சொல்ல அவர் வந்த அன்று, துணி உலர்த்தப் போன ஸ்கேல்காரம்மா மாடிப்படித் திருப்பத்தில் இருவரும் பேசியதைக் கேட்டுவிட்டார்.

"அத்தையைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. இதைப் பத்தி இனிமே பேசாதீங்க" என்றாள் மருமகள்.

"அவங்களையும் கூட்டிட்டுப் போவோம். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"அவங்க வர மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

உண்மைதான், வர மாட்டார். அவள் நேரடியாகக் கேட்கவும் கேட்டாள். ஒன்றரை அறை என்றார், கடையை விட முடியாது என்றார், முழங்கால் வலி என்றார். உள்ளே இருந்த காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. மகன் அவரை உரித்து வைத்தாற்போல இருப்பான். அதே மூக்கு, அதே அகலமான நெற்றி, கோபம் வந்தால் ஒரு புருவம் மட்டும் ஏறுவதுகூட அதே. கண்ணாடியில் தலை வாரும்போதெல்லாம் அவரே அவனைத்தான் பார்க்கிறார். அவள் புதுப் புருஷனோடு உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே இந்த முகமா உட்கார்ந்திருக்க வேண்டும்? எத்தனை வருஷம்? அவளுக்கு எப்போதுதான் அவன் ஞாபகம் விட்டுப்போகும்?

மெக்கானிக் கிளம்பும் தேதி நெருங்கியது. அவள் மசியவில்லை. மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள், பாரம் பிடித்தாள். கதை சொல்வது மட்டும் குறைந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாபினில் நூல் சுற்றிக்கொண்டே ஸ்கேல்காரம்மா சொன்னார்: "அவன் வர்றானாம்."

"யாரு?"

"யாரு, என் பிள்ளைதான்."

மருமகள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

"எதுக்கு?"

"அங்க சரிப்பட்டு வரலையாம். அந்தப் பொண்ணு போயிடுச்சாம். இனிமே இங்கதான் இருக்கப் போறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெத்தவ என்னம்மா சொல்ல முடியும்? வாடான்னேன்."

பாபின் நிறைந்து, நூல் வெளியே வழிந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை.

"எப்ப வர்றாரு?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை."

"அப்ப நான்?"

இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். நல்ல பதில், நயமான பதில். வாய் திறந்தபோது அது வரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா நல்லா இருக்காதும்மா" என்பதுதான் வந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கோபம் வந்தால் வீடு கிடுகிடுக்கக் கத்துகிறவள்தான். ஆறு வருஷம் உங்க கூட இருந்தது நானா அவனா என்று கேட்டிருந்தால் ஒருவேளை அவர் அப்போதே உடைந்து, எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. "சரிங்க அத்தை" என்று டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் "சரிங்க" என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. எப்போதும் "சரி அத்தை" தான்.

மிஷினில் அப்போது ஒரு பெரிய போர்வை இருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த திரைச்சீலைத் துண்டுகள். நடுவில் வில் ஸ்கேலை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிய பெரிய பூ. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை. கரைத் தையல் மட்டும் பாக்கி. மறுநாள் மாலை ஸ்கேல்காரம்மா தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். இரண்டு சாண் தைப்பதற்குள் தோள் இறங்கிப் போயிற்று. மருமகள் வேலையிலிருந்து வந்தாள். பையை மாட்டினாள். கைகால் கழுவினாள். வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த கனத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

அவள் வராமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம். "விடு." "போதும்." "கொஞ்சம் தூக்கு." இதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. கடைசி மூலையில் திரும்பும்போது பாரம் சட்டென்று சரிந்து கோடு ஒரு துளி வெட்டி விழுந்தது. ஸ்கேல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சுட்டு மறுபடி ஓட்டிடலாமா அத்தை?"

திரைச்சீலைக் கடையில் ஒரு தையல் பிசகினாலும் முழுக் கரையையும் பிரிக்கிறவர் அவர். "இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மெக்கானிக் ஒரு சின்ன வேனோடு வந்தார். மருமகள் அவருக்குச் சம்மதம் சொல்லியிருந்தாள். அவருடைய அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் கல்யாணம். பிள்ளை வந்திருக்கும்போது தான் அங்கே வருவது முறையாகாது என்று ஸ்கேல்காரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். மருமகள் கீழே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் போர்வைப் பையை எடுக்க மேலே வந்தார். மகனுடைய பழைய அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரைக்கும் துணி மூட்டைகள். கால் வைக்க இடமில்லை.

"நாளைக்கு வர்றவரு எங்கம்மா படுப்பாரு?"

"அதெல்லாம் ஒழிச்சுக்கலாம் தம்பி."

அவர் அசையவில்லை. திருகை விளக்கு வைத்துப் பார்த்த மாதிரி அறையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கேக்காதீங்க" என்றார் ஸ்கேல்காரம்மா. "கேட்டா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா நீங்க அவகிட்ட சொல்லிடுவீங்க. அவ வேனை விட்டு இறங்கிடுவா."

"அவ உங்களைத் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காம்மா. தினம் அழறா."

"நினைக்கட்டும். கொஞ்ச நாள்தான். நல்லவங்கன்னு நினைச்சா எப்படிக் கிளம்புவா?"

மெக்கானிக் போர்வைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். எண்ணெய்க் கறை படிந்த பெரிய கைகள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டன. "மிஷினை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமா?" என்றார். மிஷினுக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் போட்டார்.

மருமகள் கடைசியாக மேலே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று சொன்னாள்: "மாத்திரைப் பெட்டியில நாளைக்கு வரைக்கும் எடுத்து வச்சிருக்கேன். காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள். அதுக்கப்புறம் அவரு பாத்துக்குவாருல்ல?"

"பாத்துக்குவான்" என்றார் ஸ்கேல்காரம்மா.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது எதிர்ப்பக்கத்தில் துணி தேய்க்கும் பலகையை உயர்த்தி நிறுத்தி, அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் போர்வையை ஏற்றி வைத்துத் தைத்துப் பார்க்கிறார். பலகை தாங்குகிறது. ஆனால் தளர்த்திக் கொடுக்கத் தெரியவில்லை. கால் மணிக்கு ஒருமுறை எழுந்து அந்தப் பக்கம் போய்க் கனத்தை நகர்த்திவிட்டு வந்து உட்கார வேண்டியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரி இரக்கப்பட்டு ஒரு நாள் வந்து பிடித்தாள். தன் வீட்டுக் குழாய் ரிப்பேரைப் பற்றி ஆரம்பித்து அவள் நாத்தனார் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் கோடு எங்கோ போய்விட்டது. ஸ்கேல்காரம்மா நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அதிகமும் சின்ன வேலைகள்தான். தொட்டில் போர்வை, நாற்காலி விரிப்பு. மடியிலேயே அடங்கிவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் மகன் போன் பண்ணுகிறான். வருஷக்கணக்காக அப்படித்தான். நான்கு நிமிஷம் பேசுவான். அங்கே மழையா, இங்கே வெயில். முழங்கால் எப்படி இருக்கிறது, பரவாயில்லை. அந்தப் பெண் எங்கும் போய்விடவில்லை. அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. தான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று மாதமாகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

மருமகள் போனதிலிருந்து ஒரு தடவைகூடப் பேசியிருக்கவில்லை. மெக்கானிக்கிடமிருந்து மட்டும் எப்போதாவது சேதி வரும்: நல்லா இருக்கா, வேலை கிடைச்சிருக்கு, போர்வையைத் தினமும் போர்த்திக்கிறா. மாத்திரைப் பெட்டியை ஸ்கேல்காரம்மா இப்போது தானே நிரப்பிக்கொள்கிறார். வெள்ளையா மஞ்சளா என்று சில காலைகளில் தடுமாற்றம் வருகிறது. அப்போது இரண்டையும் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அவள்தான். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

"இருக்கேம்மா. நீ?"

"இருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்கு ஒன்னு சொல்லணும். நாலு வாரம் ஆகுது. இன்னும் யாருக்கும் சொல்லலை."

புரிவதற்கு ஒரு நொடி ஆயிற்று. "கனமெல்லாம் தூக்காத" என்றார். "ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்காத. கேட்டியா?"

"சரி அத்தை."

சரி அத்தை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்து கொஞ்ச நாள் இருக்க முடியுமா?" என்றாள் அவள். பிறகு தானே அவசரமாக, "முடியாதுன்னு தெரியும். அவரை விட்டுட்டு எப்படி வருவீங்க?" என்றாள். குரல் மாறியது. மருந்துச்சீட்டில் எழுத்துச் சரியில்லை என்றால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற குரல். "வீடு ரொம்ப அமைதியா இருக்கே அத்தை. அவரு இருக்காருல்ல?"

"இருக்கான், இருக்கான். குளிக்கிறான்."

"இந்நேரத்துக்கா?"

"ஞாயித்துக்கிழமைதானே."

அவள் போனை வைக்கவில்லை. காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கேல்காரம்மா எழுந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமல், முழங்காலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போனார். காலி வாளியைக் காலால் நகர்த்திக் குழாய்க்கு நேரே வைத்தார். பிறகு குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் பக்கமாகப் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.